பாடத்திட்டத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது?

உலகத்தில் புதிதாக ஒன்று வந்துவிட்டால் கூடவே ஒரு கோரிக்கையும் வந்துவிடும்: "இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்." கணினி வந்தபோது கேட்டார்கள். அப்புறம் சுற்றுச்சூழல், பணத்தைக் கையாளும் விதம், மனநலம், சாலைப் பாதுகாப்பு என்று கேட்டார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு. இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் "அதற்கு இடம்விட்டு எது வெளியே போகும்?" என்ற கேள்வியை அநேகமாக யாரும் எழுப்புவதில்லை.

பாடத்திட்ட மாற்றத்தின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான் என்று நான் நம்புகிறேன். 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதில் கழிதல்தான் முதலில் நிற்கிறது. நடைமுறையிலோ புகுத்துவதை மட்டும் உற்சாகமாகச் செய்துவிட்டு, கழிக்கும் வேலையை அடுத்த குழுவின் தலையில் கட்டிவிடுகிறோம்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம்.

பாடநூல் வேறு, பாடத்திட்டம் வேறு

பேச்சில் எல்லாவற்றையும் 'சிலபஸ்' என்று சொல்லிவிடுகிறோம். பாடநூல் என்பது பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகம். பாடத்திட்டம் என்பது எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் எவையெல்லாம் வரும் என்ற பட்டியல். இவை இரண்டுக்கும் மேலே கலைத்திட்டம் என்று ஒன்று இருக்கிறது. கரிகுலம் என்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான். லத்தீனில் ஓட்டத்தையும் ஓடுபாதையையும் குறித்த சொல் அது. ஒரு பிள்ளை பள்ளிக்குள் நுழைவதிலிருந்து வெளியே வரும்வரை ஓடும் பாதை முழுவதும் அதில் அடக்கம்: எதற்காகப் படிக்கிறோம், எந்த வரிசையில், எவ்வளவு நேரம், எந்த முறையில், படித்தது மனதில் நின்றதா என்று எப்படிக் கண்டுகொள்வது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் இதையெல்லாம் நான்கு கேள்விகளாகச் சுருக்கினார். நோக்கம் என்ன? அதை அடைய மாணவருக்கு எந்த அனுபவங்களைக் கொடுப்பது? அவற்றை எப்படிக் கோப்பது? நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது? முக்கால் நூற்றாண்டு ஆகியும் பாடத்திட்டக் குழுக்கள் இந்த நான்கைச் சுற்றித்தான் பேசுகின்றன. 'எந்தப் புத்தகத்தை வைக்கலாம்' என்று பேச்சைத் தொடங்கும் குழு, முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருப்பது நல்லது. தாளில் எழுதிய திட்டம் ஒன்று, வகுப்பறையில் நடக்கும் திட்டம் ஒன்று, பிள்ளையின் மனதில் போய்ச் சேரும் திட்டம் ஒன்று. அரசாணை மாற்றுவது முதலாவதை. நாம் மாற வேண்டும் என்று ஆசைப்படுவது மூன்றாவது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர் ஆசிரியர்.

பீரியட்களை எண்ணிப் பார்த்தால்

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பாடத்துக்கு வாரம் 5 பீரியட், ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்துக்கொண்டால் 180 பீரியட். தேர்வு நாட்கள், விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துப் பேசும் நாட்கள், விழாக்கள், விடுப்புகள், கடைசி மாதத் திருப்புதல் எல்லாம் கழித்து 130 மிஞ்சினால் பெரிய விஷயம். புத்தகத்தில் 13 அத்தியாயம் என்றால் ஒன்றுக்கு 10 பீரியட். அந்தப் பத்துக்குள் ஆசிரியர் விளக்க வேண்டும், செய்து காட்ட வேண்டும். பிள்ளைகள் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டும், தப்புச் செய்ய வேண்டும், அந்தத் தப்பு ஏன் வந்தது என்று புரிந்து திருத்த வேண்டும்.

இப்போது இரண்டு அத்தியாயம் சேர்க்கிறோம். ஒன்றுக்கு 9 பீரியட்கூட இல்லை. குறைந்த நேரத்தில் எது அடிபடும்? விளக்கம் அடிபடாது, ஏனென்றால் அதை விட்டால் 'நடத்தவில்லை' என்ற பெயர் வரும். பிள்ளை தானாகச் செய்து பார்க்கும் நேரமும் தப்பைத் திருத்தும் நேரமும்தான் அடிபடும். கற்றல் உண்மையில் நடப்பதே அங்கேதான். 'போர்ஷனை முடித்துவிட்டேன்' என்று ஆசிரியர் மூச்சுவிடும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முடித்தவர் அவர். பிள்ளை எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை.

சிங்கப்பூர் இதை வெளிப்படையாகவே பேசியது. கணிதத்திலும் அறிவியலிலும் உலக ஒப்பீடுகளின் உச்சியில் இருந்த நாடு அது. அப்படியிருந்தும் 2004இல் பிரதமர் லீ சியன் லூங், மாணவர்கள் அதிகம் கற்க வேண்டுமானால் நாம் கற்பிப்பதைக் குறைக்க வேண்டும் என்றார். பாடப்பொருளை வெட்டி, அந்த இடைவெளியை ஆசிரியர்களின் கையில் கொடுக்கும் முயற்சி அதன் பின் நடந்தது. முன்னணியில் இருக்கும்போதே வெட்டத் துணிவது லேசான காரியமில்லை.

கருவியா, கருத்தா?

எடுப்பது என்று முடிவு செய்தால் எதை எடுப்பது? இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மடக்கை அட்டவணை, அதாவது லாக் டேபிள். 10ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் வருமோ, அந்த அடுக்குதான் அந்த எண்ணின் மடக்கை: 100க்கு 2, 1000க்கு 3.

3.47ஐ 28.6ஆல் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் இல்லாத காலம். அட்டவணையில் 3.47க்கு மடக்கை 0.5403. 28.6க்கு 1.4564. இரண்டையும் கூட்டினால் 1.9967. எதிர்மடக்கை அட்டவணையைப் புரட்டினால் 99.24. விடை வந்துவிட்டது! பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடும் அற்புதம் அது. ஜான் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்ட பிறகு மூன்றரை நூற்றாண்டுக்கு வானியலாளர்களும் மாலுமிகளும் பொறியாளர்களும் இதை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள். பள்ளியில் இதற்கு வாரக்கணக்கில் பயிற்சி. கண் ஒரு வரி தள்ளிப் போனால் விடை போயிற்று.

1970களில் கைக்கு அடக்கமான கால்குலேட்டர் பரவியது. அட்டவணை புரட்டும் திறமைக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் மடக்கை என்ற கருத்து எங்கும் போகவில்லை. அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச், ஒலியை அளக்கும் டெசிபல், நிலநடுக்க அளவு எல்லாமே மடக்கையில்தான் ஓடுகின்றன. பிஹெச் 6இலிருந்து 5ஆக இறங்கினால் ஏதோ ஒன்று குறைந்தது போலத் தோன்றும். அங்கே அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறியிருக்கிறது. 2020இல் கொரோனா பரவலைக் காட்டிய வரைபடங்களில் பல மடக்கை அளவில், அதாவது ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு என்று வரையப்பட்டவை. அதைப் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்குக் கோடு நிதானமாக ஏறுவது போலத்தான் தெரிந்திருக்கும். எண்ணிக்கையோ மடங்கு மடங்காகப் பெருகிக்கொண்டிருந்தது.

அட்டவணையைக் கையாளும் பழக்கம் போகலாம், அதற்குள் இருந்த கருத்து தங்க வேண்டும். ஒரு அத்தியாயத்தை வெட்டலாமா என்று விவாதம் வரும்போது 'இதில் கருவி எவ்வளவு, கருத்து எவ்வளவு' என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

தகவல்களுக்கும் இப்படித்தான். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. ஒன்பது கோள்களின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குத் தெரிந்த ஒன்று தவறாகிப் போயிற்று. 'எதைக் கோள் என்கிறோம்' என்று படித்தவருக்கு அந்த முடிவே ஒரு பாடமாக அமைந்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பினாலேயே உருண்டையாக இருக்க வேண்டும், தன் சுற்றுப்பாதையில் மற்றவற்றை ஒதுக்கித் தள்ளியிருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் தேறவில்லை. ஆறு வயதில் பள்ளிக்குள் நுழையும் குழந்தை பட்டம் வாங்கி வெளியே வரப் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டு கழித்து உலகம் எப்படி இருக்கும் என்று எந்தக் குழுவாலும் ஜோசியம் சொல்ல முடியாது. பட்டியல் மாறினாலும் நிற்கக்கூடியதை முதலில் வைப்பதுதான் அவர்களால் செய்யக்கூடியது.

'எல்லாம் கூகுளில் இருக்கிறதே'

இந்த இடத்தில் சிலர் ஒரேயடியாக மறுகரைக்குத் தாவிவிடுவார்கள். தகவல் எல்லாம் போனில் கிடைக்கிறது, இனிமேல் பாடப்பொருளே வேண்டாம், சிந்திக்கும் திறனை மட்டும் கற்றுக்கொடுங்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை.

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டத்தின் நடுவில் இருக்கும் பலகையைச் சில நொடிகள் காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர், கற்றுக்குட்டியைவிடப் பல மடங்கு சரியாக அடுக்கினார். அடுத்து, காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்து வைத்துக் காட்டினார்கள். அவருடைய அனுகூலம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவருக்கு இருந்தது பொதுவான நினைவுத்திறன் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்ட நிலைகளைப் பார்த்துப் பழகிய அறிவு அது. அந்த அறிவைக் கொண்டுதான் அவர் பலகையைப் 'பார்க்கிறார்'.

எந்தத் துறையிலும் சிந்தனை இப்படித்தான் வேலை செய்கிறது. வரலாறு தெரியாதவரால் ஒரு வரலாற்று வதந்தியைச் சந்தேகிக்க முடியாது. தேடுவதற்கே எந்தச் சொல்லைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பாடப்பொருளைக் குறைக்கலாம், ஆழமாக்கலாம். அதைக் காலி செய்துவிட்டுத் திறனை மட்டும் வைக்கலாம் என்பது நடக்காத காரியம்.

'இது பரீட்சைக்கு வருமா?'

பாடத்திட்டம் முழுவதையும் மாற்றிவிட்டு வினாத்தாளை அப்படியே வைத்திருந்தால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். மாணவர்கள் இதில் படு தெளிவானவர்கள். 'இது பரீட்சைக்கு வருமா?' என்ற ஒரே கேள்வியில் உண்மையான பாடத்திட்டம் எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூருக்கு நேர்ந்தது இது. அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைச் சுலபமாகப் போட்டார்கள். ஒருநாள், நியூட்டன் விதிகளை அன்றாடச் சொற்களில் கேட்கும் எளிய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார். கனமான லாரி சிறிய காரில் மோதினால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். இரண்டும் சமம் என்பதுதான் நியூட்டனின் மூன்றாம் விதி. ஒரு மாணவி எழுந்து, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். சூத்திரம் அவருடைய நோட்டில் இருந்தது, உலகத்தைப் பற்றிய அவருடைய எண்ணத்தைத் தொடவே இல்லை. அதன் பிறகு மசூர் விரிவுரையை நிறுத்தி நிறுத்தி, மாணவர்களை ஒருவரோடு ஒருவர் விவாதிக்க வைக்கும் முறைக்கு 1990களின் தொடக்கத்தில் மாறினார்.

கேள்வியை மாற்றுவது என்றால் என்ன என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். சதவீதம் நடத்துகிறோம். வழக்கமான கேள்வி: 640இல் 15 சதவீதம் எவ்வளவு? விடை 96, முடிந்தது. இதே பாடத்துக்கு இன்னொரு கேள்வி: ஒரு கட்சியின் வாக்கு 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்ந்தது. ஒரு நாளிதழ் '2 சதவீதப் புள்ளி உயர்வு' என்கிறது, இன்னொன்று '50 சதவீத உயர்வு' என்கிறது. யார் சொல்வது சரி? இருவருமே சரிதான்: 4க்கும் 6க்கும் வித்தியாசம் 2, அந்த 2 பழைய 4இல் பாதி. ஆனால் எந்தப் பத்திரிகை ஏன் அப்படி எழுதியது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கினால் அது வேறு வகுப்பு. ஒரு அத்தியாயம்கூடச் சேரவில்லை, ஒரு பக்கம்கூட ஏறவில்லை.

நோக்கம், வகுப்பறை வேலை, மதிப்பீடு மூன்றும் ஒரே திசையில் இழுக்க வேண்டும் என்பதை கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். பல்கலைக்கழகங்களில் இன்று 'கற்றல் விளைவுகள்' என்று பாடத்தின் தலைப்பில் நான்கைந்து வரி எழுதி வைப்பதற்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது. அந்த வரிகளை எழுதிவிட்டு பழைய கேள்வித்தாளையே கொடுப்பவர்கள் அதை வெறும் படிவ வேலையாக்கிவிட்டார்கள்.

சறுக்கிய இடங்கள்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அதிர்ந்தது. அடுத்த ஆண்டே கல்விக்குப் பெரும் பணம் ஒதுக்கச் சட்டம் வந்தது. 'புதிய கணிதம்' என்ற பெயரில் கணங்களும் ('செட்'), பத்துக்குப் பதில் இரண்டு, ஐந்து என்று வேறு அடிமானங்களில் எண்களை எழுதுவதும் தொடக்கப் பள்ளிக்கே இறங்கின. எழுதியவர்கள் பெரிய கணித அறிஞர்கள், நோக்கமும் உயர்வானது. ஆனால் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலானோருக்கு அதை நடத்தப் போதிய பயிற்சி கிடைக்கவில்லை. பெற்றோருக்கு வீட்டுப்பாடமே புரியவில்லை. 1970களின் நடுவில் 'அடிப்படைக்குத் திரும்புவோம்' என்ற முழக்கம் அதை ஓரங்கட்டியது. நல்ல கருத்து ஒன்று, தயாராகாத ஆசிரியர் கையில் அவசரமாகத் திணிக்கப்பட்டதால் வீணாயிற்று. ஆசிரியரை இதில் குறை சொல்லவே மாட்டேன்.

ஜப்பான் வேறு விதம். பிள்ளைகள்மீதான அழுத்தத்தைக் குறைக்க 2002இல் பாடப்பொருளில் சுமார் 30 சதவீதத்தை வெட்டினார்கள், சனிக்கிழமை வகுப்பும் நின்றது. 2004 இறுதியில் வெளியான, பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா (PISA) தேர்வு முடிவில் வாசிப்பில் ஜப்பான் 8ஆம் இடத்திலிருந்து 14ஆம் இடத்துக்குச் சரிந்தது. நாடே பதறியது. 2011இல் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் நேரத்தையும் பாடப்பொருளையும் திரும்ப ஏற்றியது. வெட்டியதுதான் சரிவுக்குக் காரணமா என்பது இன்றும் விவாதம். வெட்டு ஒன்றே மாயம் செய்துவிடாது என்பது மட்டும் தெரிகிறது. மிச்சமான நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்றும் திட்டமிட வேண்டும், அதன் பலன் தெரியும்வரை பொறுக்கவும் வேண்டும்.

பின்லாந்தைப் பற்றி ஒரு தவறான செய்தி சுற்றுகிறது, பாடங்களையே ஒழித்துவிட்டார்கள் என்று. அப்படியெல்லாம் இல்லை. 2016இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய திட்டத்தில் கணிதம், வரலாறு, தாய்மொழி எல்லாம் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது பல பாடங்களை இணைத்து ஒரு பொருளை ஆராயும் பகுதி ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்று சேர்த்தார்கள், அவ்வளவுதான். அங்கே பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் வேறு கதை

பள்ளிக்கு அரசு திட்டம் வகுக்கும். பல்கலைக்கழகத்தில் துறைகள் தாங்களே வகுக்கின்றன. சுதந்திரம் அதிகம், அதனால் மாற்றம் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பேராசிரியர் இருக்கிறார். ஒரு தாளை எடுப்பது ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பைத் தள்ளி வைப்பது போல ஆகிவிடுகிறது. அதனால் விருப்பப் பாடங்களாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள், மையப் பாடங்களில் கை வைக்க மாட்டார்கள்.

இதற்கு ஐரோப்பா பிடித்த வழி எனக்கு நியாயமாகப் படுகிறது. ஐரோப்பிய நாடுகள் தங்கள் பட்டப்படிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்படி அமைக்க 1999இல் தொடங்கிய போலோன்யா ஒப்பந்தத்தை ஒட்டிப் பரவிய கிரெடிட் முறையில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் உழைப்பு 25 முதல் 30 மணி நேரம். பேராசிரியர் எத்தனை மணி நேரம் பேசினார் என்பதை அங்கே அளவாக எடுக்கவில்லை. மாணவர் படிக்க, எழுத, ஆய்வகத்தில் நிற்க எடுக்கும் நேரம்தான் கணக்கு. ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம் என்று உச்சவரம்பு வந்துவிட்டால், புதிதாக ஒரு தாளைக் கொண்டுவருபவர் பழையதில் ஒன்றைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

முழுவதையும் புரட்டிப் போட்டவர்களும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் மருத்துவப் படிப்பை நோயாளியின் பிரச்சினையிலிருந்து தொடங்கியது. சிறு குழு, முன்னால் ஒரு நோயாளியின் விவரம். மூச்சுத்திணறல் ஏன் வந்தது என்று தேடும்போது உடற்கூறியலும் உடலியங்கியலும் தேவைப்படும் இடத்தில் வந்து சேரும். உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகள் இதைப் பல அளவுகளில் எடுத்துக்கொண்டன.

செயற்கை நுண்ணறிவு இப்போது நெருக்குவதும் இங்கேதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதும், வீட்டில் எழுதிவரும் கட்டுரை மாணவரின் சிந்தனைக்குச் சான்று என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. இதற்காக ஒரு புதிய தாளை மட்டும் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மடக்கை அட்டவணைக்குக் கேட்ட அதே கேள்வியை எழுதுதலுக்கும் கேட்க வேண்டியிருக்கிறது. கடிதத்தின் வடிவம், அறிக்கையின் அமைப்பு இவையெல்லாம் கருவிப் பக்கம் நகர்ந்துவிட்டன. ஒரு வாதத்தைப் படிப்படியாகக் கட்டுவது, எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துவைப்பது, படித்ததில் எது பொய் என்று கண்டுகொள்வது இவை கருத்துப் பக்கம். இவற்றை எழுதி எழுதித்தான் கற்க முடியும். அதனால் வகுப்பிலேயே எழுதுவதும், எழுதியதை ஆசிரியரின் முன் உட்கார்ந்து விளக்குவதும் திரும்ப வர வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும், வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். இது பணம் செலவாகும் விஷயம், அதை மறைக்கக் கூடாது.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கோ நீங்கள் படிக்கும் துறைக்கோ ஒரு வரைவுத் திட்டம் வந்து கருத்துக் கேட்டால், புதிய பாடங்களின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்னால், நீக்கப்பட்டவற்றின் பட்டியல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு மாதிரி வினாத்தாள் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆசிரியர் பயிற்சிக்கு எத்தனை நாள், அது திட்டம் தொடங்கும் முன்னா பின்னா என்று தேதியைப் பாருங்கள். இவற்றில் எது இல்லையோ அதைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.